ஒரே நிறத்துப் பிச்சை அரிசி

ஜூலை 17, 1946. புதன்

வெயில். ஆடி பிறந்தும் காற்று வரவில்லை. திருத்தணி மலையடிவாரத்தில் கிருத்திகைக்குப் பந்தக்கால் நட்டாயிற்று. அடுத்த செவ்வாய் கிருத்திகை.

செய்ய வேண்டியவை:
நான்காம் பாரம் கட்டுரை நோட்டுகள் திருத்த.
வள்ளிக்கு ஆரோரூட் மாவு.
பெரிய கடிகாரத்துக்குச் சாவி கொடுக்க. (ஓடாது. இருந்தாலும்.)
பிச்சை எடுக்க.

கடைசி வேலை என் யோசனை அல்ல. வைகாசியில் வள்ளிக்கு டைபாயிட். ஐந்து வயசுக் குழந்தை நாக்கு உலர்ந்து கிடந்த அன்று, கா. மலைப்பக்கம் திரும்பி நின்று வேண்டிக்கொண்டாள். (கா. என் மனைவி. முழுப் பெயரை எழுதினால் கோபமாகக் கூப்பிடுவது போல் இருக்கிறது.) குழந்தை பிழைத்தால் அதன் நைனா ஏழு வீட்டில் மடிப்பிச்சை எடுத்து, அந்த அரிசியில் ஆடிக் கிருத்திகைக்குப் பொங்கல் வைப்பார். குழந்தை பிழைத்தது. மற்றது பாக்கி.

"நீயே எடுக்கக் கூடாதா?"

"நான் எடுக்கறன்னு வேண்டிகினு இருந்தா நானே போவன். உங்களதான் சொல்லிட்டன்."

"என்னைக் கேட்டாயா?"

"எங்க கேக்கறது? நீங்க ஈரத்துணிய கையில வெச்சிகினு அழுதுகினு இருந்தீங்க."

அழவில்லை. அடுப்புப் புகை.

ஜுரம் போய்விட்டது, ஆனால் குழந்தை சாப்பிடுவதில்லை. கஞ்சியைக் கண்டால் சுவர் பக்கம் திரும்பிக்கொள்கிறது. தூக்கினால் துணியைத் தூக்குவது போல் இருக்கிறது. டாக்டர் சொன்னது: "இனிமே சாப்பாடுதான் மருந்து. அது உள்ள போகலன்னா நான் ஒண்ணும் சொல்றதுக்கில்ல." கா. சொல்வது: வேண்டுதல் நிற்கிறது, அதனால் சோறும் நிற்கிறது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள்.

ஜூலை 18. வியாழன்

காலையில் தூறல், மண் நனையவில்லை.

இந்த ஊரில் நான் ஏன் பிச்சை எடுக்க முடியாது என்பதை இங்கேயாவது ஒழுங்காக எழுதிவிடலாம். போன ஆடியில் எதிர்வீட்டு முனிரத்தினம் நாயுடு மஞ்சள் துண்டு கட்டித் தெருவில் மடிப்பிச்சை எடுத்தார். அதைப் பற்றி ஒரு வாரப் பத்திரிகைக்கு எழுதினேன். "மூன்று தறிக்கு முதலாளி, ஒரு பிடி அரிசிக்கு இரவலாளி" என்று ஆரம்பம். அவர் குரல் ஆட்டுக்குட்டி மாதிரி நடுங்கியதை இரண்டு பாராவுக்கு வர்ணித்திருந்தேன். பெயர் போடவில்லை. போட வேண்டிய தேவையும் இல்லை. நாவிதர் கடையில் உரக்கப் படித்தார்கள். வாசகசாலைப் பிரதியில் அந்தப் பக்கம் மட்டும் எண்ணெய்க் கறை.

அப்போது அவர் மகன் பட்டாளத்தில், பர்மா பக்கம். மாதக் கணக்கில் கடிதம் இல்லை. வேண்டுதல் அதற்காக. அது கட்டுரையில் வரவில்லை. கட்டுரைக்கு ஆட்டுக்குட்டியே போதுமாக இருந்தது.

நாயுடு ஒரு வார்த்தை கேட்கவில்லை. இன்றைக்கும் தெருவில் பார்த்தால் கும்பிடுகிறார். அந்தக் கும்பிட்டைத் தவிர்ப்பதற்காகப் பள்ளிக்கூடத்துக்குக் குளக்கரை வழியாகச் சுற்றிப் போகிறேன். உடம்புக்கு நல்லது என்று கா.விடம் சொல்லியிருக்கிறேன்.

வேண்டுதலில் ஏழு வீடு என்றுதான் இருக்கிறது. எந்த ஊர் என்று இல்லை. பட்டணத்தில் வீடுகளுக்குக் குறைவில்லை, அவற்றில் என்னைத் தெரிந்தவர் யாரும் இல்லை. தவிர, அங்கே பழைய சாமான் கடைகளைப் பார்த்து வருஷமாகிறது.

"பட்டணத்துக் கந்தசாமி கோயில் பக்கம் எடுத்தால் ரொம்ப விசேஷமாம்" என்றேன்.

கா. என்னைப் பார்த்தாள். "சரி" என்றாள். அவள் வாதாடினால் எனக்குத் தெம்பாக இருக்கும்.

ஜூலை 19. வெள்ளி

டாக்டர் மருந்தை மாற்றினார். சிவப்புத் தண்ணீருக்குப் பதில் மஞ்சள் தண்ணீர்.

கா. என் துண்டை மஞ்சளில் நனைத்துக் கொடியில் போட்டாள். விதிகள் சொன்னாள். பிச்சை முடியும்வரை பச்சைத் தண்ணீர் தவிர எதுவும் கூடாது. துண்டை மடியில் கட்டிக்கொண்டு அதில்தான் வாங்க வேண்டும், பாத்திரம் கூடாது. வாசலில் நின்று வாய்விட்டுக் கூப்பிட வேண்டும்.

"மெதுவாகக் கேட்டால்?"

"கூப்புடாம வாங்கினா செல்லாதுங்க."

கிணற்றடியில் ஒத்திகை பார்த்தேன். காக்கை கூடப் பறக்கவில்லை.

ஜூலை 20. சனி

பட்டணம். எழுதுவது வீடு திரும்பியபின். கை சுத்தமாக இல்லை. தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் எழுதுகிறேன், இருந்தும்.

காலை வண்டி. அரக்கோணத்தில் மாறினேன். மணவூரில் ஐந்தாறு பெண்கள் ஏறினார்கள், எல்லோரும் நிறைமாதம். இந்தக் கிராமத்துக்கு என்ன ஆயிற்று என்று யோசிப்பதற்குள் என் பக்கத்தில் உட்கார்ந்தவளின் வயிறு 'சரசர' என்றது. அரிசி. இடுப்பைச் சுற்றிப் பை தைத்துக் கட்டியிருக்கிறாள். பட்டணத்தில் ரேஷன் போதாததால் இங்கிருந்து இப்படிப் போகிறது. பெயர் அஞ்சலை என்று பக்கத்துப் பெண் கூப்பிட்டதிலிருந்து தெரிந்தது.

என் பையில் மஞ்சள் துண்டைப் பார்த்துவிட்டாள்.

"இன்னா சாமி, வேண்டுதலா?"

"ஆமாம். பெண்ணுக்கு."

"பிச்சைக்கா பட்டணம் போற? ஏன், உங்க ஊர்ல கை இல்லயா போடறதுக்கு?"

கந்தசாமி கோயில் விசேஷத்தைச் சொன்னேன். அவள் வயிற்றைச் சரிசெய்துகொண்டாள். "ஆங்" என்றாள். கா. 'சரி' சொல்கிற அதே தோரணை.

சென்ட்ரலில் இறங்கினால் பக்கத்திலேயே மூர் மார்க்கெட். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, ஐந்து நிமிஷம் என்று நுழைந்தேன். யுத்தம் முடிந்து வெள்ளைக்காரச் சிப்பாய்கள் ஊருக்குப் போகிறார்கள். அவர்கள் விட்டதெல்லாம் இங்கே. ஒற்றை ஒற்றையாகப் பூட்ஸ். கொசுவலை. திசைகாட்டி. முத்திரை உடையாத தகர டப்பா, உள்ளே என்னவென்று விற்பவருக்கும் தெரியாது. கிராமபோன் குழாய். யாரோ துரையின் குடும்பப் படம், சட்டத்துக்காக விலை சொல்கிறார்கள், படம் இலவசம். பழைய புத்தகம். ஓடாத கடிகாரங்கள் ஒரு வரிசை, ஒவ்வொன்றும் வேறு மணி காட்டியது. எது வசதியோ அதை எடுத்துக்கொண்டேன். நேரம் நிறைய இருந்தது.

ஒரு பாயின் கடையில், பித்தளைக் குத்துவிளக்குக்கும் யானைத் தந்தப் பேனாக்கத்திக்கும் நடுவில், ஒரு திருவோடு. கடல்தேங்காய் ஓடு, கறுப்பு, உள்ளே கண்ணாடி மாதிரி பளபளப்பு, விளிம்பில் வெள்ளிக் கட்டு. நூறு வருஷமாவது பல கைகள் தேய்த்திருக்க வேண்டும். கையில் எடுத்தேன். கீழே வைக்க முடியவில்லை.

"பெரிய மடத்து சாமி கையில இருந்ததுங்க. தொரைங்க பூ வெக்க வாங்கினு போறாங்கோ." பாய் என் தோளைப் பார்த்தார். "மஞ்ச துண்டு போட்டுகினு ஓடு கேக்கறீங்க. தொழிலுக்கா, ஷோக்குக்கா?"

"ஏன்?"

"தொழிலுக்குன்னா கொறச்சி தருவன். தர்ம காரியம். ஷோக்குக்குன்னா தொர வெலதான்."

அன்றைய தினம் பூராவும் உண்மையைச் சொன்னால் லாபம் கிடைக்கக்கூடிய ஒரே இடம் அது. ஷோக்குக்கு என்று சொல்லித் துரை விலை கொடுத்தேன்.

பிறகு சௌகார்பேட்டை. பெரிய வீடுகள், நல்ல வாசல்கள். துண்டை மடியில் கட்டினேன். முதல் வாசலில் நின்று தொண்டையைச் சரிசெய்துகொண்டு, "முருகனுக்கு மடிப்பிச்சை" என்றேன். மாடியிலிருந்து ஒரு குரல்: "இன்னைக்கு ஒண்ணும் வாங்கறதில்லப்பா." வியாபாரி என்று நினைத்துவிட்டார்கள். என் குரலில் அப்படி ஒரு சுயமரியாதை.

இரண்டாவது வாசலில் ஜட்கா மணி அடித்தது. அதற்கு வழிவிடுவதுபோல் நகர்ந்தேன். மூன்றாவதில் ஒரு பசு படுத்திருந்தது. நான்காவதைப் பார்க்கவே இல்லை. எதிரே எண்ணெய்ச் சட்டி.

சாப்பிட்டவை, நடந்த வரிசையில்: பூரி, உருளைக்கிழங்கு. ஜிலேபி, சட்டியிலிருந்து நேரே, பாகு மணிக்கட்டு வரை ஒழுகிற்று. மொச்சைச் சுண்டல், மாங்காய் தூவி. இன்னொரு ஜிலேபி. பாதாம் பால் (பாதாம் பெயரில் மட்டும்). கொத்தவால் சாவடி வாசலில் தள்ளுவண்டி மசால்வடை, தேவையே இல்லை.

மடியில் மஞ்சள் துண்டு கட்டிக்கொண்டு. வீட்டில் ஒரு குழந்தை கஞ்சிக்கு வாய் திறக்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது. மசால்வடை முடிந்த பிறகுதான் அது நினைவுக்கு வந்தது. இல்லை. பூரியிலேயே வந்தது. சாப்பிட்டுக்கொண்டே இருந்தேன்.

சாவடிக்குப் பின் சந்தில், காய்கறிக் கழிவு நாற்றத்துக்கு நடுவே அஞ்சலை உட்கார்ந்திருந்தாள். பிரசவம் ஆகிவிட்டிருந்தது. முன்னால் ஒரு சாக்குத் துணி, அதன் மேல் இரண்டு முள்ளங்கிக் கட்டு, அடியில் அரிசி.

"எத்தினி வூடு ஆச்சி சாமி?"

நான் முள்ளங்கியைப் பார்த்தேன்.

"ஒண்ணு கூடவா?"

"கூச்சமாக இருக்கிறது" என்றேன். ஊரில் ஒருவரிடமும் சொல்லாததை அரிசி கடத்துகிறவளிடம் சொன்னேன். பிறகு, "ஏழு வீட்டுப் பிச்சை எவ்வளவு இருக்குமோ அவ்வளவு அரிசி கொடு" என்றும் சொன்னேன்.

அவள் முள்ளங்கியை நகர்த்தினாள். அளந்து போட்டாள். காசை வாங்கி முடிந்துகொண்டாள். அப்புறம் தன் சோற்றுக்கு வைத்திருந்த சின்ன முடிச்சை அவிழ்த்தாள். சிவப்பரிசி, நொய்.

"இது விக்கறது இல்ல. கூப்புடு, போடறன்."

"இங்கேயா?"

"போலீசு வராத அளவுக்குக் கூப்புடு."

கூப்பிட்டேன். ஒரு பிடி போட்டாள். "பொண்ணு பேரு இன்னா?" என்றாள். சொன்னேன். "நம்ம முருகன் சாமி ஊட்டுக்கார அம்மா பேருதான்" என்று முள்ளங்கியை மேலே எடுத்து வைத்தாள்.

திரும்பி வரும்போது திருவள்ளூரில் அரிசிச் சோதனை. காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் பெட்டியில் ஏறி ஒவ்வொரு மூட்டையாக அமுக்கிப் பார்த்தார். இந்தப் பக்கத்தில் எல்லோரும் பட்டணத்துக்கு அரிசி கடத்துகிறார்கள். பட்டணத்திலிருந்து இங்கே கடத்திய முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். அவர் கை என் மூட்டையின் மேல் வந்தது.

"திருத்தணி முருகனுக்கு மடிப்பிச்சை" என்றேன். பெட்டி முழுக்கக் கேட்டது. நாள் முழுக்க வராத குரல்.

அவர் கையை இழுத்துக்கொண்டார். தொப்பியைக் கழற்றினார். மூட்டையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"எனக்கும் ஒரு பொண்ணு இருக்குதுங்க சாமி. காது சரியா கேக்கல. சரஸ்வதின்னு பேரு. பொங்கல் வெக்கும்போது பேரைச் சொல்லுங்க."

சொல்கிறேன் என்றேன். பெட்டியில் இருந்தவர்கள் எனக்கு ஜன்னலோரம் இடம் கொடுத்தார்கள். உட்கார்ந்தேன்.

ஜூலை 21. ஞாயிறு

இறுக்கம். மழை வரும்போல் இருந்து வரவில்லை.

கா. குளித்துவிட்டு, முறத்தில் துண்டை அவிழ்த்தாள். பரப்பினாள். கையால் அளைந்தாள். நான் செய்தித்தாளை விரித்துப் பிடித்துக்கொண்டேன்.

"ஏழு வூட்லயும் போட்டாங்களா?"

"போட்டார்கள்."

"ஏழு வூட்டுக்காரங்களும் ஒரே மூட்டையில வாங்கனாங்களா?"

முறத்தைப் பார்த்தேன். அப்போதுதான் தெரிந்தது. பிச்சை அரிசி ஒரே நிறத்தில் இருக்காது. ஒரு வீட்டில் பச்சரிசி, ஒரு வீட்டில் புழுங்கல், ஒரு வீட்டில் பழுப்பு, ஒரு வீட்டில் பாதி நெல். போன வருஷம் நாயுடுவின் மடியில் இருந்ததைப் "பல வண்ணக் கதம்பம்" என்று நானே எழுதியிருக்கிறேன்.

"பட்டணத்தில் ரேஷன்" என்றேன். "எல்லோருக்கும் ஒரே அரிசிதான்."

"ரேஷன் அரிசியில ஒரு கல்லு கூடவா இருக்காது?"

செய்தித்தாளில் முக்கியமான செய்தி ஏதோ இருந்தது.

அவள் திட்டவில்லை. முறத்தின் ஓரத்தில் ஒட்டிக் கிடந்த சிவப்பு நொய்யை விரலால் பொறுக்கி, ஒரு கிண்ணத்தில் தனியாகச் சேர்த்தாள். பொறுக்க வெகுநேரம் ஆயிற்று.

"இது யார் போட்டது?"

"மணவூர்ப் பெண் ஒருத்தி."

"இது பிச்ச" என்று கிண்ணத்தை மாடத்தில் வைத்தாள். மீதியை உலையில் போட்டாள். "இதுவும் மணவூர் அரிசிதான். வாசனையே சொல்லுது. இதுக்கு இன்னாத்துக்குங்க பட்டணம்?"

மத்தியானம் அதைத்தான் சாப்பிட்டேன். நல்ல அரிசி. எழுதுவதற்கு வெட்கமாக இருக்கிறது, இரண்டாம் தடவையும் போட்டுக்கொண்டேன். வள்ளி ஒரு பருக்கை வாங்கி, துப்பிவிட்டாள்.

சாயங்காலம் கா. துண்டைத் துவைத்து மறுபடி மஞ்சளில் போட்டாள். "நாளைக்கி நான் போறன். உங்க பேர சொல்லியே கேக்கறன். யாராவது கேட்டா, அவருக்கு ஒடம்பு சரியில்லன்னு சொல்லிக்கிறன்."

இதையும் கோபமாகச் சொல்லவில்லை. எனக்கு ஒரு கௌரவமான வியாதி யோசித்துக்கொண்டிருந்தாள்.

திருவோட்டை அலமாரியில் ஓடாத கடிகாரத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். வள்ளி அதைக் கேட்டாள். ஜுரம் விட்டபின் அவளாகக் கேட்ட முதல் பொருள். கொடுத்தேன். தலையில் கவிழ்த்துக்கொண்டாள். ஜுரத்தில் முடி கொட்டிய தலை, சரியாக உட்கார்ந்தது.

ஜூலை 22. திங்கள்

விடிந்ததும் கொடியிலிருந்து துண்டை எடுத்துக்கொண்டேன். ஈரம். கா. அடுப்படியில் இருந்தாள். பார்த்தாளோ இல்லையோ.

முதல் வீடு, தெருக்கோடி. தபால்காரர் வீடு. கூப்பிட்டது கிணற்றடிக் குரல். அவர் மனைவி கதவைத் திறந்து, என்னைப் பார்த்து, உள்ளே போய்க் கணவரை அழைத்து வந்தாள். இரண்டு பேரும் பார்த்தார்கள். பச்சரிசி.

இரண்டாவது, மூன்றாவது: புழுங்கல், பழுப்பு. மூன்றாவது வீட்டுப் பையன் நான்காம் பாரம். கட்டுரையில் பத்துக்கு மூன்று மதிப்பெண் போட்டிருந்தேன். அவன்தான் அரிசி கொண்டுவந்தான். இரண்டு கையாலும் போட்டான்.

நான்காவது வீட்டில், "எங்களுக்கே நாளைக்குத்தான் ரேஷன்" என்று சொல்லிக்கொண்டே ஒரு பிடி. அந்தப் பிடியில் யாருடைய ராத்திரிச் சோறு இருக்கிறது என்று கணக்குப் போடாமல் இருக்க முடியவில்லை. ஐந்து, ஆறு. இதற்குள் தெருவில் கதவுகள் தானாகவே திறந்திருந்தன. நாவிதர் கடையை மூடிவிட்டு வந்து நின்றார்.

ஏழாவதுக்கு வேறு தெருவுக்குப் போயிருக்கலாம். கால் அந்தப் பக்கம் திரும்பியது உண்மை. எதிரே எங்கள் ஜன்னலில் வள்ளி, தலையில் ஓட்டோடு, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நாயுடு ஏற்கெனவே வாசலில் இருந்தார். கையில் படி, நிறைய அரிசி. கும்பிட்டார். நான் மடியை நீட்டினேன். அவர் போடவில்லை.

"கூப்புடுங்க வாத்தியாரய்யா."

"நீங்கள்தான் வந்து நிற்கிறீர்களே, நாயுடுகாரு."

"நான் வந்து நின்னது தெருவுக்குத் தெரிஞ்சா போதும். நீங்க கூப்புடறது மேல தெரியணும்."

மலையைக் காட்டினார். கூப்பிட்டேன். திருவள்ளூர் குரல் வரவில்லை. வேறு எதுவோ வந்தது. பாதியில் உடைந்து, இழுத்து, நடுங்கி. தெருவில் யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம்.

நாயுடு படியைக் கவிழ்த்தார்.

"போன வருஷம் நீங்க எழுதுனீங்களே, அதுல ஒரு தப்பு."

துண்டின் முடிச்சைப் பார்த்துக்கொண்டே, "என்ன?" என்றேன்.

"மூணு தறின்னு போட்டுட்டீங்க. அஞ்சு." பிறகு குரலைத் தாழ்த்தினார். "மத்தது மெய்தான். தொண்ட ஆட்டுக்குட்டி மாதிரி ஆயிட்சி. ஊட்ல கூட யாருக்கும் சொல்லல நான். எப்பிடிக் கண்டுபுடிச்சீங்கன்னு ரொம்ப நாளா கேக்கணும்னு." யோசித்தார். "இப்ப உங்களுதும் அப்பிடித்தான் இருந்தது. பயப்படாதீங்க. சரியாத்தான் வந்திச்சி."

அவர் கேலி செய்யவில்லை. செய்திருந்தால் பதில் சொல்ல எனக்குத் தெரியும்.

அவர் மகன் உள்ளே தறியில் இருந்தான். சத்தம் கேட்டது. பர்மாவிலிருந்து வந்து நாலு மாதமாகிறது. வந்தவனைப் போய்ப் பார்க்கவில்லை நான்.

வீட்டில் கா. முறத்தில் அவிழ்த்தாள். வெள்ளை, பழுப்பு, மஞ்சள், கல், நெல், ஒரு செத்த வண்டு. மாடத்துக் கிண்ணத்திலிருந்து சிவப்பு நொய்யையும் கொட்டிக் கலந்தாள். "இதான்" என்றாள். கல் பொறுக்க எனக்கும் இடம் விட்டு உட்கார்ந்தாள்.

ஜூலை 23. செவ்வாய். கிருத்திகை

பள்ளிக்கூடம் லீவு. ராத்திரி பெய்த மழையில் படிகள் வழுக்கல். கூட்டம், காவடி, வியர்வை, பூ. ஏதாவது எழுதலாம் என்று கண் பழக்கத்தில் தேடியது. அதை அடக்கிக்கொண்டு விறகை ஊதினேன். இந்தத் தடவை நிஜமாகவே புகை.

பொங்கல் ஒரே பதமாக வேகவில்லை. பச்சரிசி குழைந்தது, சிவப்பு நறுக்கென்று நின்றது. வேண்டிக்கொண்டது: வள்ளி. சரஸ்வதி, காது. அஞ்சலையைப் போலீஸ் பிடிக்காமல் இருக்க. கடைசி வேண்டுதல் சட்டவிரோதம். சாமிக்கு அதில் ஆட்சேபணை இருந்ததாகத் தெரியவில்லை.

சாயங்காலம் வீடு. வள்ளி படுக்கையில் இல்லை. அடுப்படி வாசலில் நின்றாள், சுவரைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் திருவோடு. என் மஞ்சள் துண்டைப் பாவாடை மேல் சுற்றியிருந்தாள். "முருகனுக்கு மடிப்பிச்ச." குரல் நடுங்கவேண்டிய இடத்தில் நடுங்கவிட்டாள். நேற்று ஜன்னலிலிருந்து பாடம் கேட்டிருக்கிறாள்.

கா. ஓட்டில் ஒரு கரண்டிப் பொங்கல் வைத்தாள். குழந்தை அங்கேயே உட்கார்ந்து தின்றது. விரலை நக்கிற்று. மறுபடி எழுந்து, கொல்லை வாசலில் போய்க் கூப்பிட்டது. அது அடுத்த வீடு. கா. கொல்லைப் பக்கம் ஓடிப்போய் அங்கிருந்து போட்டாள். அதையும் தின்றது. நூறு வருஷத்து ஓடு, வெள்ளிக் கட்டு முழுக்க நெய்.

டாக்டர் மருந்தை மாற்றியது வெள்ளிக்கிழமை. அதையும் எழுதி வைக்கிறேன்.

மூன்றாவது வீடு நான். இந்த நோட்டை மூடாமலே, பக்கத்தில் இருந்த என் இலையிலிருந்து ஒரு பிடி எடுத்து நீட்டினேன். ஓட்டைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"நான் இன்னும் கூப்புடலயே நைனா."

சரி, கூப்பிடு என்றேன். கூப்பிட்டாள்.